மூலமும் தழுவலும்: அச்சச்சுவைக் கதைகள் மொழி கடந்த வரலாறு

பிறமொழியிற் பிறந்து புகழ்பெற்ற கலைப்படைப்பு ஒன்றை வேறொரு நாட்டார் தம் மக்கள் பொருட்டுத் தம் மொழியில் மீண்டும் ஆக்கிக்கொள்ளுதல் தகுமா என்னும் வினா, திரைப்படக்கலை பற்றி ஆராய்வோரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. யப்பான், கொரியா, சுவீடன் முதலிய நாடுகளில் எடுக்கப்பெற்று உலகோரின் பாராட்டைப் பெற்ற பேய்ப்படங்களை அமெரிக்க நிறுவனத்தார் உரிமை வாங்கி, ஊரையும் பேரையும் மாற்றி, ஆங்கிலத்தில் மீளவும் எடுத்தமையே அவ்வினா வலுப்பெறக் காரணமாயிற்று. மூலப்படத்தை எழுத்துரையோடு காண மக்களைப் பழக்குவதன்றோ முறை என ஒரு சாராரும், தம் மொழியிற் கண்டாலன்றி எளிய மக்கள் அக்கதையின் சுவையை நுகரார் என மற்றொரு சாராரும் வாதிப்பர்.

இது புதியதொரு வினா அன்று. தமிழருக்கு மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல் வழிநூல் என இருவகைப்படுத்தி, வழிநூலை மேலும் நால்வகையாகப் பகுக்கின்றது. தொகுத்தல், விரித்தல், தொகையும் விரியுமாகச் செய்தல் என்பன முதல் மூன்று. பிறமொழியில் உள்ளதைப் பெயர்த்துத் தமிழ்நெறிக்கு ஏற்ப யாத்தல் நான்காவது. ஆகவே, பிறமொழிப் பொருளைக் கொள்ளுதலைத் தமிழிலக்கணம் விலக்கவில்லை. ஆயினும் அதனை முதனூல் என்று கூறவும் அது இடந்தரவில்லை. கொள்ளலாம், கொண்டதை ஒளித்தல் ஆகாது என்பதே இப்பாகுபாட்டின் உட்கிடை. இந்நெறி அச்சச்சுவைக் கதைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத்து வரலாற்றையும் தமிழகத்து வரலாற்றையும் உலக வரலாற்றையும் துணைக்கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

அச்சத்தின் நிலைக்களம்

அழுகையும் நகையும் எந்நாட்டார்க்கும் ஏறக்குறைய ஒன்றே. அச்சம் அத்தன்மைத்தன்று. மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் ஆகிய நான்கு கூறப்படுகின்றன. விலங்கும் கள்வரும் எந்நாட்டிலும் அச்சந்தருவன. அரசனுடைய சினமும் அத்தகையதே. அணங்கு மட்டுமோ மண்ணோடும் மரத்தோடும் சமயத்தோடும் பிணைந்தது. ஒரு நாட்டார் அஞ்சும் அணங்கு மற்றொரு நாட்டாருக்கு வெறுங்கதையாய் முடிதல் கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மக்கள் வாழ்வு முழுவதும் கிணற்றைச் சார்ந்தது. வளவுக்கு வளவு கிணறு உண்டு. நிலாவரைக் கிணறு அடிகாணவொண்ணாதது என்னும் நம்பிக்கை வழிவழியாக வந்தது. ஓலை வேலிகளுக்கிடையே நெளிந்து செல்லும் ஒழுங்கைகளிலும், காற்று வீசுந்தோறும் காவோலை சலசலக்கும் பனங்கூடல்களிலும் முனியும் கொள்ளிவாய்ப்பேயும் உறையும் எனப் பாட்டிமார் சிறுவர்க்குக் கதை சொல்லினர். பனியும் பாழ்மாளிகையும் ஐரோப்பியருக்கு எத்தகைய அச்சத்தை ஊட்டுமோ, அத்தகைய அச்சத்தைப் பனங்கூடலும் நள்ளிரவும் இந்நாட்டாருக்கு ஊட்டின. எனவே, பேய்க்கதை மொழி கடக்கும்போது சொற்கள் மட்டும் மாறினாற் போதாது. நிலமும் மாறுதல் வேண்டும் என்னும் கொள்கைக்கு வலுவான அடிப்படை உண்டு என்க.

குடாநாட்டின் பழைய வழக்கு

நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் மரபிற் பிறந்த அரசகேசரி, வடமொழியிற் காளிதாசர் இயற்றிய இரகுவம்சத்தைத் தமிழில் இரகுவமிசம் என்னும் பெருங்காப்பியமாக ஆக்கினார். சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பு அன்று அது. தமிழ்க்காப்பிய மரபிற்கு ஏற்ப நாட்டு வருணனையும் நகர வருணனையும் அமைத்து, விருத்தப்பாக்களால் யாக்கப்பட்டது. மூலத்தின் பெயரையே அது தாங்கி நிற்றல் நோக்கற்பாலது. அந்நூலுக்குப் புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையர் உரை கண்டமை, வழிநூல் ஒன்றும் அறிஞர் உரைகாணத்தக்க தகுதியைப் பெறலாம் என்பதற்குச் சான்றாகும்.

போர்த்துக்கேயர் காலத்தின் பின்னர்க் கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே கூத்துக்கலை புதுவழியிற் சென்றது. எஸ்தாக்கியார் நாடகம், மூவிராசாக்கள் நாடகம் முதலியன ஐரோப்பாவிலிருந்து வந்த சமயக் கதைகளைப் பொருளாகக் கொண்டு, தமிழ்க் கூத்திற்குரிய பாட்டும் ஆட்டமும் பெற்று நிகழ்ந்தன. உரோமாபுரிப் படைத்தலைவன் ஒருவன் குடாநாட்டுக் களரியில் விருத்தம் பாடி வரவுகொண்டபோது, அவன் அயலான் என அங்கிருந்தோர் எவரும் கருதிலர். அவர்தம் பக்திக்கு அவன் உரியவன் ஆயினான்.

ஈழத்துத் தமிழ் நாவல் தொடங்கிய காலத்திலும் இவ்வழக்கே தொடர்ந்தது. திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, ஐரோப்பிய இடைக்காலக் கதையாகிய ஓர்சன் வலன்ரைன் கதையின் தழுவலாகும். காட்டிற் கரடியால் வளர்க்கப்பட்ட ஒருவனும் அரண்மனையில் வளர்ந்த அவன் உடன்பிறந்தானும் அதன் தலைவர்கள். பின்வந்த காலத்திற் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யேர்மனிய எழுத்தாளர் தியோடர் ஸ்தோர்மின் இம்மென்சே என்னும் கதையைத் தழுவிப் பூஞ்சோலையை எழுதினார். இலங்கையர்கோன் உருசிய ஆசிரியர் துர்க்கேனிவின் முதற்காதலைத் தமிழாக்கினார். யாழ்ப்பாணம் தேவன் ஸ்ரீவன்சனின் புதையல்தீவுக் கதையை மணிபல்லவம் என்னும் பெயரில் தந்தார். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் தீவின் பெயரைக் கடற்கொள்ளைக்காரர் கதை ஒன்றிற்குச் சூட்டியமை, தழுவலின் நுட்பத்தை நன்கு விளக்குகின்றது. ஆங்கிலச் சிறுவன் செல்லும் தீவு தமிழ்ச் சிறுவனின் நினைவிலே முன்னரே உள்ளதொரு தீவாக மாறிவிடுகின்றது.

மேடையேறிய ஆவி

அச்சச்சுவையை நேராகத் தமிழ்மேடைக்குக் கொணர்ந்தவை சேக்ஸ்பியரின் நாடகங்களாம். 1891ஆம் ஆண்டிற் சென்னையிலே சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஹம்லெற்றை அமலாதித்யன் எனவும் மக்பெத்தை மகபதி எனவும் வெனிசு வணிகனை வாணீபுர வணிகன் எனவும் தமிழ்ப்படுத்தினார். ஒலியாற் பெயரும் பெயராற் பொருளும் ஒத்துவருமாறு அவர் அமைத்த திறம் அக்காலத்துப் பெரிதும் பாராட்டப்பெற்றது. அவரை ஆசானாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் இலங்கையில் லங்கா சுபோத விலாச சபையை அமைத்து, அந்நாடகங்களைக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மேடையேற்றினார். சைலொக் வேடத்தில் அவர் நடித்த நடிப்பு இந்நாட்டு நாடக வரலாற்றிலே தனியிடம் பெற்றது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஒருகாலத்தில் வகித்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்கொண்டு தமிழ் நாடகவியலோடு பொருத்திக் காட்டினார். செகசிற்பியார் என அவர் அக்கவிஞருக்கு இட்ட பெயரே அவரைத் தமிழறிஞர் அவையில் அமர்த்திவிட்டது எனலாம்.

எனினும், ஹம்லெற்றின் தந்தையாகிய ஆவி தமிழ்மேடையில் தோன்றும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. கொலையுண்ட மன்னன் ஆவியாய் வந்து தன் மைந்தனைப் பழிவாங்கத் தூண்டுகின்றான். கிறித்தவ ஐரோப்பாவில் அவ்வாவி கழுவாய்த் துன்பம் நுகரும் உயிர் எனக் கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சைவனுக்கோ, தந்தையின் உயிர் அமைதியின்றி அலைகின்றது என்று கேட்டவுடன் முதலில் நினைவுக்கு வருவது வாள் அன்று, கிரியையே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும், ஆண்டுதோறும் திவசமும், ஆடி அமாவாசையிற் கீரிமலைத் தீர்த்தமும் மைந்தன் தந்தைக்குச் செய்யவேண்டிய கடன்கள். இக்கடனைச் செய்யாது காலந்தாழ்த்தும் மைந்தனைக் கண்டு அவையோர் கொள்ளும் உணர்ச்சி, இலண்டன் மாநகரில் அந்நாடகத்தைக் கண்டோர் கொண்ட உணர்ச்சியின் வேறாகும். இவ்வேறுபாட்டை அறிந்து கதையை வளைக்கும் தழுவலாசிரியன் மூலத்திற்குத் தீங்கிழைப்பவன் அல்லன். கதை புதிய மண்ணில் வேர்கொள்ள உதவுபவன். அறியாது பெயரை மட்டும் மாற்றுபவனோ, வேரற்ற கொப்பை மண்ணில் நட்டவன் ஆவன்.

வெள்ளித்திரையிற் பேய்

திரைப்படம் தோன்றிய பின்னர் இத்தகைய தழுவல் பெருகிற்று. 1951ஆம் ஆண்டில் யூப்பிற்றர் நிறுவனத்தார் கே. ராம்நாத்தின் இயக்கத்தில் வெளியிட்ட மர்மயோகி, ஆங்கிலக் கதைகளின் தூண்டுதலாற் பிறந்தது. அதில் வரும் பேய்க்காட்சிகள் காரணமாக வயதுவந்தோர்க்கு மட்டும் உரியது என்னும் சான்றிதழைத் தணிக்கையாளர் அதற்கு வழங்கினர். ஆயினும், இறந்த மன்னனின் ஆவியெனக் கருதப்பட்டவன் உயிரோடிருக்கும் மன்னனே எனக் கதை முடிவில் விளங்குகின்றது. மக்கள் அச்சத்தைச் சுவைத்தனர்; அறிவும் தன் பங்கைப் பெற்றது.

தழுவலால் விளையும் தீங்கிற்கும் இலங்கையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. முதற் சிங்களப் பேசும்படமாகிய கடவுனு பொறொந்துவ 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் எடுக்கப்பட்ட இடம் தென்னிந்தியக் கலையகம். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் சிங்களப் படங்களிற் பல தென்னிந்தியப் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. கதையும் மெட்டும் ஆடலும் இரவலாயின. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் கலையகத்தை விட்டு வெளியேறி, இலங்கைக் கிராமத்தின் வெயிலிலும் நிழலிலும் ரேகாவ என்னும் படத்தை எடுத்தார். அற்புத ஆற்றல் உடையவன் என ஊராரால் நம்பப்பட்டுப் பின் அவர்களாலேயே பழிக்கப்பட்ட சிறுவன் ஒருவனின் கதை அது. ஊராரின் பேரச்சமும் பெருநம்பிக்கையும் அப்படத்தில் அவ்வூருக்கே உரியனவாக அமைந்தன. அடுத்த ஆண்டிற் கான் திரைப்பட விழாவில் அது காட்டப்பட்டமை, சொந்த நிலத்தைக் காட்டும் படைப்பே அயல்நாட்டாரையும் ஈர்க்கும் என்பதை நிறுவிற்று. தழுவல் ஓயாது நடைபெறும் நாட்டில் முதனூல் எழுதுவோர் கை சோர்ந்துவிடும் என்னும் உண்மையை இவ்வரலாறு உணர்த்துகின்றது. இவ்விடத்திற் பிறர் கலையை நெருக்கியது தமிழ்ப்படமே என்பதும் மறக்கற்பாலதன்று.

பூட்டிய அறையின் மொழி

அச்சச்சுவைப் படம் மொழிதோறும் மீண்டும் எடுக்கப்பட்டதற்குச் சிறந்த சான்று மணிச்சித்திரத்தாழ் என்னும் மலையாளப் படமாகும். மது முட்டத்தின் கதையை ஃபாசில் இயக்க, 1993ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. பழைய தறவாட்டு வீட்டின் பூட்டிய அறையைத் திறக்கும் பெண் ஒருத்தி, முன்னொருகால் அங்குக் கொலையுண்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளாகத் தன்னை எண்ணிக்கொள்கின்றாள். பேய் என ஊரார் அஞ்சியது மனநோய் என மருத்துவன் கண்டறிகின்றான். நடிகை சோபனாவுக்கு இந்திய அரசின் தேசிய விருதும் கிடைத்தது. 2004இற் கன்னடத்தில் ஆப்தமித்ரா எனவும், 2005இல் தமிழிற் சந்திரமுகி எனவும், 2007இல் இந்தியிற் பூல் புலையா எனவும் அக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது.

இவற்றை ஒப்புநோக்குவார்க்கு அரியதோர் உண்மை புலனாகும். மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சையிலிருந்து கொணரப்பட்டவள். அவளுடைய மொழி தமிழ். வீட்டுப்பெண்ணின் வாயிலிருந்து திடீரெனத் தமிழ் எழும்போது மலையாள மக்கள் நடுங்கினர். அக்கதை தமிழகத்திற்கு வந்தபோது பேய் தமிழ் பேசினால் அஞ்சுவார் யார்? ஆகவே சந்திரமுகியின் ஆடல்மகள் தெலுங்கு பேசுபவள் ஆயினாள். கன்னடப் படத்திலும் அவள் தெலுங்கச்சியே. இந்திப் படத்தில் அவள் வங்கப்பெண், பெயர் மஞ்சுளிகா. ஒவ்வொரு மொழியாரும் தமக்கு அண்மையிலுள்ள பிறிதொரு மொழியையே பேயின் மொழியாகத் தெரிந்தெடுத்தனர். முற்றும் அறியாத மொழியை எவரும் தெரிந்தாரல்லர். பாதி விளங்கியும் பாதி விளங்காதும் நிற்பதே அச்சம் விளைக்கும் என்பதைத் தழுவலாசிரியர் உணர்ந்திருந்தனர் போலும்.

இம்மாற்றம் இன்றியமையாதது. மூலத்தை அப்படியே தமிழ்ப்பேச்சு இணைத்துக் காட்டியிருந்தால் அந்நடுக்கம் தமிழருக்குக் கிட்டியிராது. எனவே, மீளாக்கம் வேண்டும் என்பார் கட்சிக்கு இதனினும் வலிய சான்று கிடைத்தல் அரிது. அதே வேளையில், மூலத்தில் நாகவல்லி தமிழ்ப்பெண் என்பதும், பிற நாட்டார் தமிழை அச்சந்தரும் மொழியாகக் கேட்டனர் என்பதும் மீளாக்கத்தை மட்டும் கண்ட தமிழருக்குத் தெரியாது போயின. தம்மைப் பிறர் எங்ஙனம் காண்கின்றனர் என்பதை அறியும் வாய்ப்பு அவ்வளவில் மறைந்தது. மீளாக்கம் தரும் பயனையும் பறிக்கும் பயனையும் ஒருங்கே காட்டும் எடுத்துக்காட்டு இதுவே.

இக்கதையை யாழ்ப்பாணத்திற்குக் கொணர நினைப்பவன் பெருந்தடை ஒன்றை எதிர்கொள்வான். பூட்டிய நாற்சார் வீடு குடாநாட்டில் அரிதன்று. ஆயினும் அதனைக் காண்போர் உள்ளத்திற் பேய் தோன்றுவதில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்களும் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாளில் வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவிலே செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். திரும்பி வந்தோர் பலர், வராதோரும் பலர். பூட்டிய வீடு என்றால், வீட்டுக்காரர் எங்கே, இருக்கின்றனரா என்று கேட்பதே இந்நாட்டார் இயல்பாயிற்று. பிறருக்கு அச்சந்தரும் கதவு இங்குத் துயரந்தருகின்றது. ஆகவே, பிறநாட்டுப் பேய்க்கதையை இங்குத் தழுவுவோன் பேயை மட்டும் மாற்றினாற் போதாது. சுவையையே மாற்ற வேண்டியவன் ஆவன்.

உலக அரங்கிற் கண்ட உண்மைகள்

மேனாட்டு வரலாறும் இவ்வாராய்ச்சிக்குத் துணைபுரிகின்றது. ஐரிசு எழுத்தாளர் பிராம் ஸ்ரோக்கர் 1897இல் வெளியிட்ட டிராக்குலா நாவலை, யேர்மனிய இயக்குநர் முர்ணோ 1922இல் நொஸ்பெராட்டு என்னும் பெயரிற் படமாக்கினார். உரிமை பெறாது பெயர்களை மட்டும் மாற்றியமையால், ஆசிரியரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். படிகளை அழிக்குமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தப்பிய படிகளாலே அப்படம் பிழைத்து, இன்று உலகப் பெரும்படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. அறத்தின்படி தழுவியவர் பிழை செய்தார். கலையின்படி பெருஞ்செல்வம் விளைந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் தகாது.

பேசும்படம் தோன்றிய காலத்தில் மொழிச்சிக்கல் கூர்மையடைந்தது. 1931இல் யூனிவேர்சல் நிறுவனத்தார் டிராக்குலாவை ஆங்கிலத்தில் எடுத்தபோது, பகலில் ஆங்கில நடிகரும் இரவில் அதே அரங்குகளில் ஸ்பானிய மொழி நடிகருமாக இரு படங்கள் உருவாயின. இரவிற் பணிசெய்தோர் ஆங்கிலக் குழுவினரின் காட்சிகளைக் கண்டு அவற்றினும் சிறப்பாகச் செய்ய முயன்றனர். ஒளிப்பதிவு நுட்பத்தில் ஸ்பானியப் படமே மேலானது எனப் பிற்காலத் திறனாய்வாளர் பலர் கருதினர். பின்வந்தது என்பதனாலேயே ஒரு படைப்புத் தாழ்ந்ததாகாது என்பதற்கு இது சான்று.

யப்பானிய எழுத்தாளர் சுசூக்கியின் நாவலை நக்காட்டா 1998இல் ரிங்கு என்னும் படமாக்கினார். நீண்ட கருங்கூந்தல் முகத்தை மறைக்க, கிணற்றிலிருந்து ஏறிவரும் பெண்ணாவி அதில் தோன்றுகின்றது. கிணற்றில் வீசப்பட்ட பணிப்பெண்ணின் கதை யப்பானில் நெடுங்காலம் வழங்கியது. 2002இல் அமெரிக்கர் அதனை மீண்டும் எடுத்தபோது பெருஞ்செல்வம் ஈட்டினர்; அதன்பின் ஆசிய நாட்டுப் பேய்ப்படங்களை வாங்குவதிற் போட்டி மூண்டது. அமெரிக்கப் படத்தில் அக்கிணறு ஒரு விடுதிக் குடிலின் தரைக்குக் கீழே மறைந்துகிடக்கின்றது. கிணற்றோடு நாளும் பழகாத மக்களுக்கு அது மறைபொருளாகவே இருத்தல் வேண்டும். கிணற்றடியில் நீராடி வளர்ந்த குடாநாட்டாருக்கோ மூலப்படமே அண்மையது. எந்த மீளாக்கமும் இன்றி அவ்வச்சம் இவர்தம் முற்றத்திற்கே வந்துவிடுகின்றது. எல்லாக் கதைக்கும் மீளாக்கம் வேண்டும் என்பது பிழை என இதனால் அறியலாம்.

ஒல்லாந்து நாட்டவரான சுலூசர் 1988இல் எடுத்த படம் ஒன்றில், காணாமற்போன தன் காதலியைத் தேடிச் செல்பவன் முடிவில் உயிரோடு புதைக்கப்படுகின்றான். அப்படத்தை அவரே 1993இல் அமெரிக்கருக்காக மீண்டும் எடுத்தபோது, தலைவன் காப்பாற்றப்படுகின்றான். முடிவு இனிதாயிற்று, திறனாய்வாளரோ அதனைக் கடிந்தனர். மூல ஆசிரியனே செய்தாலும், கதையின் உயிர்நிலையை விற்றால் மீளாக்கம் பயனற்றது என்பது இதனாற் பெறப்படும். காணாமற்போனோரைத் தேடுவோர் வாழும் நாட்டில் இம்முடிவுமாற்றம் எத்துணைப் பொய்ம்மையுடையது என்பதை விளக்கவும் வேண்டுமோ? மாறாக, சுவீடன் நாட்டில் 2008இல் வெளிவந்த இரத்தம் பருகும் சிறுமியின் கதையை 2010இல் அமெரிக்கர் மீண்டும் எடுத்தபோது, மூலத்தின் துயரை மாற்றாது காத்தனர். திறனாய்வாளர் பாராட்டினர், வருவாயோ குறைவு. நேர்மையாகச் செய்யினும் பயன் பெரிதன்றாயின், மூலத்தையே காட்டியிருக்கலாகாதா என்னும் வினா அங்கு எழுந்தமை இயல்பே.

முடிபு

இதுகாறும் கண்டவற்றால் ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. சிறுபான்மை மொழியார் பெருமொழியிலுள்ள கதையைத் தழுவும்போது மூலம் அழிவதில்லை. அமலாதித்யன் மேடையேறியமையால் ஹம்லெற்றை ஒருவரும் மறந்திலர். ஆனால், உலகச் சந்தையை ஆளும் மொழியார் சிறுமொழிப் படத்தை வாங்கி மீண்டும் எடுக்கும்போது, மூலம் நிழலில் மறைகின்றது. உலகோர் பின்னதையே முதலாவது எனக் கருதுவர். ஆகவே, ஒரே செயல் செய்வோரின் வலிமைக்கு ஏற்ப வேறு பொருள் பெறுகின்றது. இரகுவமிசம் வடமொழிக்குச் செய்தது வணக்கம். விளம்பரத்திலே மூலத்தின் பெயரைச் சிறு எழுத்தில் ஒதுக்கும் மீளாக்கம் செய்வது அன்னதன்று.

எனவே மூன்று நெறிகள் கொள்ளற்பாலன. மூலத்தின் பெயரும் ஆசிரியனும் மறைக்கப்படாமை முதலாவது. புதிய நிலத்தில் அச்சத்திற்குப் புதிய வேர் அமைதல் இரண்டாவது. அவ்வேர் அமையாவிடத்து மூலத்தையே எழுத்துரையோடு காட்டுதல் நன்று. கதையின் உண்மையை வருவாய்க்காகத் திரியாமை மூன்றாவது. இம்மூன்றும் அமைந்த மீளாக்கத்தை வழிநூல் என ஏற்றுப் போற்றலாம். அமையாதது நூலன்று, சரக்கே.

எழுத்துரையோடு காண மக்கள் விரும்பார் என்னும் வாதம் முற்றும் உண்மையன்று. 2015ஆம் ஆண்டிற் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த தீபன் என்னும் படம் கான் விழாவின் தலையாய தங்கப்பனை விருதைப் பெற்றது. போரிலிருந்து தப்பிப் பிரான்சை அடைந்த ஈழத்தமிழர் மூவரின் கதை அது. அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி அதன் தலைவனாக நடித்தார். உரையாடலிற் பெரும்பகுதி தமிழே. பிரெஞ்சு மக்கள் யாழ்ப்பாணத்தான் ஒருவனின் பேச்சைத் தம் மொழிக்கு மாற்றாது அவன் குரலிலேயே கேட்டனர். மொன்ரெஸ்கியூ 1721இல் வெளியிட்ட பாரசீகக் கடிதங்கள் என்னும் நூல் அப்படத்திற்குத் தூண்டுகோலாயிருந்தது என்பதும் ஈண்டு நினையத்தக்கது. பழைய பிரெஞ்சுக் கருத்து ஒன்று தமிழ்வாயாற் பேசப்பட்டது. தழுவலும் மூலமும் ஆங்கு ஒருங்கே நின்றன.

இவ்வாய்ப்பு ஒருமுறை கிட்டியது. மீண்டும் கிட்டுதல் குடாநாட்டு இளைஞரின் கையிலுள்ளது. பிறநாட்டுப் பேய்களைத் தழுவுதல் குற்றமன்று. அதனால் எழுத்தும் நடிப்பும் பழகலாம். ஆனால் நிலாவரையின் ஆழமும், பனங்கூடலின் இரவும், பூட்டிய வீடுகளின் மௌனமும் இன்னும் முழுமையாக எழுதப்படாத முதனூல்கள். அவற்றை இந்நாட்டார் தாமே முதலில் எழுதுவாராயின், பின்னொருகால் பிறநாட்டார் தழுவினாலும் மூலம் எது என்பதில் ஐயம் எழாது. எழுதாது விடின், பிறர் எழுதியதையே தம் கதையென இவர் பிறமொழியிற் கேட்க நேரிடும்.